தங்கப்பொண்ணு சொல்ல மறுத்த வரிசை

வெள்ளைத்துரை என்று பேர் வைத்தவர்கள் பிள்ளையின் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது. ஆள் நல்ல கறுப்பு. மேலூருக்குக் கிழக்கே, காடு கழனி பார்க்கிற ஒரு சம்சாரி வீட்டுப் பிள்ளை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு மதுரைக்கு வந்து, ஊருக்குப் புதிதாக வரும் வெள்ளைக்காரர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தான். துரைமார்களுக்கு வெள்ளைத்துரை வாத்தியார் என்று எங்கள் காம்பவுண்டில் ஓயாத கேலி.

தல்லாகுளத்தில் அந்தக் காம்பவுண்டுக்குள் எங்கள் வீடும் அவன் வீடும் எதிரெதிர். நான் வடக்குமாசி வீதியில் ஓர் அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கிறவன். என் வேலைக்கு உட்கார்ந்த இடம் விட்டு நகரக்கூடாது. அவனுக்கோ உட்கார்ந்தால் தொடை ஆடும், நின்றால் சைக்கிள் மணியை அடிப்பான். வீட்டுக்கு வந்தால் காப்பியைப் பாதி குடிப்பதற்குள் எழுந்து செருப்பைத் தேடுவான். அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாலே எனக்குக் களைப்பு வந்துவிடும்.

முப்பத்துநாலாம் வருஷம் ஒருநாள் அச்சாபீசுக்குள் நேராக வந்து நின்றான்.

“கண்ணுச்சாமி அண்ணே, ஒரு எழுத்து வேணும்.”

“எந்த எழுத்து?”

“இங்கிலீசு ஓ. அதுக்கு வயித்துல குறுக்க ஒரு கோடு.”

“கோடு போட்டா அது அடிச்ச எழுத்துல்ல? தப்புன்னு தள்ளிருவாங்க.”

“தப்பு இல்லண்ணே. நம்ம பொண்ணுன்னு சொல்றோமே, அத மெதுவாச் சொல்லிப் பாருங்க. எழுதுறது பெண்ணு. சொல்றது பொண்ணு. ஆனா முழு ஒகரமும் இல்ல. நாக்கு முன்னாலயும் போகல, பின்னாலயும் போகல, வாய்க்கு நடுவுல நிக்குது. உதடு மட்டும் குவியுது. இந்தச் சத்தத்துக்குத் தமிழ்ல எழுத்து கிடையாது. உலகத்துப் பாஷை எல்லாத்தையும் எழுதுறதுக்குன்னு ஒரு எழுத்து வரிசை வச்சிருக்காங்க, அதுல இருக்கு.”

“இம்புட்டு நாளா அந்த எழுத்து இல்லாமத்தான் பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்தோம்” என்றேன்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் ஒரு சொல் பட்டியல் வைத்திருந்தான். அதை அச்சடிக்க வேண்டுமாம். எங்கள் பெட்டியில் அப்படிப்பட்ட எழுத்து ஏது? சாதாரண ஓ வைத்து அடித்துக் கொடுத்தேன். வாசலிலேயே குந்தி, காய்ந்தும் காயாத தாள்களில் ஒவ்வொரு ஓவுக்கும் பேனாவால் வயிற்றில் கோடு இழுத்தான்.

சங்கதி இதுதான். ஹார்லி என்ற வெள்ளைக்காரர் லண்டனிலிருந்து வந்திருந்தார். பாதிரியும் இல்லை, கலெக்டரும் இல்லை. மனிதர் வாயிலிருந்து சத்தம் எப்படிப் பிறக்கிறது என்று ஆராய்வதே அவருக்கு வேலை. மேலூர்ப் பக்கத்துத் தமிழை எழுத வந்தவர், வெள்ளைத்துரையைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். புத்தகம் முடிந்தால் உள்ளூர்க் கல்லூரி ஒன்றில் அவனுக்கு நிலையான தமிழாசிரியர் வேலைக்குச் சிபாரிசு செய்வதாகச் சொல்லியிருந்தார். கூடவே முன்னுரையில் அவன் பேரையும் போடுவாராம். வேலை கிடைத்தால் வெயிலில் பங்களா பங்களாவாய் சைக்கிள் மிதிக்க வேண்டாம். ஆனால் அவனைத் தூங்கவிடாமல் அடித்தது அந்த முன்னுரைதான் என்பது என் எண்ணம்.

சத்தத்தைப் பிடிக்க ஒரு வாய் வேண்டுமே. வெள்ளைத்துரையின் வாய் உதவாது. படித்துப் படித்து, பெண் என்றே அச்சடித்த மாதிரி சொல்லப் பழகிவிட்டான். அதனால் ஹார்லி தேர்ந்தெடுத்தது அவன் மனைவி தங்கப்பொண்ணுவை.

தங்கப்பொண்ணுவுக்கு எழுத்து தெரியாது, ஆனால் வாய் தெரியும். அவள் தண்ணீர்க் குழாயடியில் நின்றால் மற்றவர்கள் குடத்தை நிரப்ப மறந்துவிடுவார்கள். முதலில் வெட்கப்பட்டாள். என் மனைவி துணைக்குப் போய் உட்காருவதாகச் சொன்ன பிறகு சம்மதித்தாள். பல் டாக்டரிடம் கூட்டிப்போய் அவள் மேலண்ணத்துக்கு அச்சு எடுத்து, அதற்கென்று மெல்லிய தகடு ஒன்று செய்தார்கள். அதில் சாக்குக்கட்டித் தூள் தடவி வாயில் பொருத்திக்கொண்டு ஒரு சொல்லைச் சொன்னால், நாக்கு பட்ட இடத்தில் தூள் அழிந்திருக்கும். இன்னொரு எந்திரமும் உண்டு. விளக்குக் கரி பிடித்த காகிதம் சுற்றிய உருளை. வாய்க்கு எதிரே புனலைப் பிடித்துப் பேசினால், மூச்சு ரப்பர் குழாய் வழியாகப் போய் ஒரு முள்ளை நடுங்க வைக்கும். முள் கரியில் கோடு இழுத்துக்கொண்டே போகும்.

இரண்டு நாளில் அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. “நான் பொட்டின்னு சொன்னா அந்த முள்ளு குதிக்குதுண்ணே, கிறுக்கு முள்ளு” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். ஹார்லியை அவள் துரை என்று சொல்லமாட்டாள். “தொப்பிக்காரர்” என்பாள். ஏன் என்று எங்களுக்குத் தெரியும், ஹார்லிக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்லக்கூடாது. சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். சில பெண்கள் முழுப் பேரை மட்டும் விலக்குவார்கள். தங்கப்பொண்ணு பேரின் துண்டைக்கூடத் தொடமாட்டாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு ‘வியாழனுக்கு மறுநா’. வெள்ளாடு ‘கொழ திங்கிற ஆடு’, கொழ என்றால் இலைதழை. வெள்ளாமை ‘வெளச்சல்’. வைகையில் வெள்ளம் வந்தால் ‘ஆத்துல தண்ணி பெருகிருச்சு’. தெருவில் வெள்ளரிக்காய் விற்கிறவரை “ஏ, பிஞ்சுக்காரரே” என்று கூப்பிடுவாள். அதையெல்லாம் கேட்டுக் கேட்டு எங்களுக்கு வித்தியாசமாகவே தெரியவில்லை.

ஹார்லி பட்டியலை வரிசை வரிசையாகப் பிரித்திருந்தார். டகரத்துக்கு முன்னால் அந்தச் சத்தம் ஒரு வரிசை, ணகரத்துக்கு முன்னால் ஒரு வரிசை. இரண்டும் முடிந்தன. மூன்றாவதாக ளகர வரிசை வந்தது. முழுக்க வெள்ளி, வெள்ளம், வெள்ளாடு, வெள்ளை.

ஹார்லி ஆட்டின் படத்தைக் காட்டினார். “கொழ திங்கிற ஆடு” என்றாள். சுண்ணாம்படித்த சுவரைக் காட்டி நிறம் கேட்டார். “பால் நிறம்” என்றாள். எந்தப் படத்துக்கும் அவளிடம் ஒரு வேறு சொல் இருந்தது. மேலூர்ப் பக்கத்தில் வெள்ளை என்ற சொல்லே வழக்கில் இல்லை என்று மனிதர் சந்தோஷமாக எழுதிக்கொண்டாராம். மூலையில் உட்கார்ந்திருந்த என் மனைவிக்குச் சிரிப்பை அடக்கமுடியாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

வெள்ளைத்துரை உண்மையைச் சொன்னான். ஹார்லி நல்லவர்தான், வற்புறுத்தவில்லை. ஆனால் அந்த வரிசை இல்லாமல் புத்தகம் நிற்காது என்றார். வேறு பெண்ணை வைக்கலாமா என்றால் முடியாது. தகடு தங்கப்பொண்ணுவின் அண்ணத்துக்குச் செய்தது, இதுவரை எடுத்த கோடெல்லாம் அவள் மூச்சு. ஆளை மாற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அவருக்குக் கப்பலுக்கு நாள் நெருங்கிவிட்டது. புத்தகம் இல்லையென்றால் சிபாரிசும் இல்லை.

அன்றிலிருந்து எதிர்வீட்டில் சண்டை.

“வெள்ளிங்கிறது என் பேராடி? அது கொலுசு செய்யுற சாமான்.”

“பாதிப் பேரு அதுலதான இருக்கு.”

“படிச்சவன் பொண்டாட்டி பேசுற பேச்சா இது?”

“எங்க அக்காளும் ஒரு படிச்சவருக்கு முன்னாலதான் சொன்னா.”

அந்த அக்காள் ராமக்காள். ஒரு வரப்புத் தகராறில் கோர்ட்டில் சாட்சி சொல்லப் போனவளிடம், புருஷன் பேரை வாயால் சொன்னால்தான் ஆச்சு என்று அதட்டினார்கள். அழுதுகொண்டே சொன்னாள். அந்தப் பொங்கலுக்கு முன்னால் அவள் புருஷன் பாம்பு கடித்துச் செத்தான். பாம்புக்கும் கோர்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வெள்ளைத்துரை கேட்பான். நியாயமான கேள்விதான். ஆனால் அக்காளின் தாலியை அறுத்தபோது பக்கத்தில் இருந்தவள் தங்கப்பொண்ணு, அவன் இல்லை.

அவன் சோற்றில் கை வைக்காமல் எழுந்து போனான். சைக்கிளில் யானைமலை வரை போய்த் திரும்பி வந்தான். மறுபடி போனான். பேசுவதை நிறுத்தினான். எனக்குக் கோபம் வந்து, “ஒரு பொம்பளையப் பயமுறுத்தித்தான் ஒனக்கு முன்னுரையில பேரு வரணுமா?” என்று கேட்டேன்.

“நான் சாகமாட்டேன்னு எனக்குத் தெரியும்ணே. அப்படியே செத்தாலும் சாகப்போறவன் நானு. எனக்கில்லாத பயம் அவளுக்கு எதுக்கு?” என்றான். அவனுக்கு அதற்குமேல் புரியவில்லை.

ஒருநாள் காலையில் தங்கப்பொண்ணு ராமக்காளோடு அழகர்கோவிலுக்கு பஸ் ஏறினாள். பொழுது சாயத் திரும்பினாள், நெற்றி நிறையத் திருநீறு. “நாளைக்குச் சொல்லுறேன். தொப்பிக்காரர்கிட்டச் சொல்லிருங்க” என்றாள். சமையலைக் கவனிக்க உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் சொன்னாள். என் மனைவி வந்து விவரித்தாள். நடுக்கமில்லை, அழுகையில்லை. புனலுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து வெள்ளி, வெள்ளம், வெள்ளாடு, வெள்ளை என்று முழு வரிசையையும் சொன்னாளாம். முள் கோடு இழுத்தது. ஹார்லி கை தட்டினார். வெள்ளைத்துரை மட்டும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றானாம்.

கல்லூரி வேலை கிடைத்தது. இரண்டு வருஷம் கழித்து லண்டனிலிருந்து புத்தகம் வந்தது. முன்னுரையின் கடைசியில், பொடி எழுத்தில், அவன் பேர். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் வயிற்றில் கோடு போட்ட ஓ. அச்சு மிக நேர்த்தியாக இருந்தது, எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அதைச் சட்டைப்பையில் வைக்க முடியாது, இல்லையென்றால் வைத்துக்கொண்டே திரிந்திருப்பான். வேலை நிலைத்தும் கால் நிலைக்கவில்லை. ஒரு தலைவலி வந்தால் நாடியைப் பிடித்துப் பார்ப்பான். புல்லில் கயிறு கிடந்தால் தாண்டமாட்டான். எதையும் நம்பாதவன் ஏன் இப்படி என்று நான் கேட்டதில்லை. தங்கப்பொண்ணு நிம்மதியாக இருந்தாள்.

நாற்பத்தொன்றாம் வருஷம், மழைக்காலம். தங்கப்பொண்ணுவுக்குக் காய்ச்சல் வந்தது. இருமல் முற்றி, நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுத்தது. நிமோனியா என்றார் டாக்டர். புதிதாக வந்திருந்த மாத்திரை ஒன்று இதற்கு நன்றாகக் கேட்கும், ஆனால் உடனே ஆரம்பிக்க வேண்டும் என்றார். யுத்த காலம், எந்த மருந்துக்கும் அலைச்சல். வெள்ளைத்துரை கடை கடையாக ஏறி இறங்கி அதை வாங்கி வந்தான்.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கசப்பு என்று நினைத்து என் மனைவி வெல்லம் கொண்டுபோனாள். தலையைத் திருப்பிக்கொண்டாள். ராமக்காள் வந்து அழுதாள். கடைசியில் வெள்ளைத்துரை கத்திய பிறகுதான் சொன்னாள். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். நானும் அப்போது வாசற்படியில் நின்றேன்.

“அன்னைக்குக் கருப்புகிட்டப் போனேன்ல. இவரு பேரச் சொல்லப்போறேன், நீ கழிக்கிற ஆயுச இவருகிட்ட எடுக்காத, எங்கிட்ட எடுத்துக்கன்னு கதவுக்கு முன்னால சூடம் ஏத்திச் சொல்லிட்டு வந்தேன். இப்ப அது கேக்குது. நான் மருந்தத் தின்னு தப்பிச்சுக்கிட்டா அது இவருகிட்டல்ல போகும்?”

அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பு என்றால் இந்தப் பக்கத்தில் யாரும் விளையாடமாட்டார்கள். சந்தனம் பூசிய அந்தக் கதவுக்கு முன்னால் பொய்ச்சத்தியம் செய்யக் கொலைகாரனும் பயப்படுவான். கோர்ட்டில் தீராத வழக்கு அங்கே போனால் தீர்ந்துவிடும். அங்கே கொடுத்த வாக்கை மாத்திரையால் ஏமாற்ற முடியும் என்று தங்கப்பொண்ணு நினைக்கவில்லை.

வெள்ளைத்துரை சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான். அவன் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு பரபரவென்று எழுந்து புத்தகத்தை எடுத்துவந்து அவள் முன்னால் விரித்தான்.

“இங்க பாரு புள்ள. நீ அன்னைக்குச் சொன்னது என் பேரே இல்ல. என் பேருல இருக்கிறது எகரம். உதடு விரியுற எழுத்து. நீ சொன்னது உதடு குவியுற சத்தம், இந்தா, இது. கோடு போட்டிருக்கு பாரு. ரெண்டும் வேற வேற. தொப்பிக்காரரு மெஷின் வச்சு அளந்து எழுதியிருக்காரு. கருப்பு உன்கிட்ட எதையும் கேக்க முடியாது. நீ என் பேரச் சொல்லவே இல்ல.”

வேகமாகப் பேசினான். அவன் வாழ்க்கையில் படித்ததெல்லாம் அந்தப் பேச்சில் இருந்தது. எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

தங்கப்பொண்ணு அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள்.

“எழுத்து என்னமோ இருந்துட்டுப் போகட்டும். சொல்லும்போது நெஞ்சுல நீங்கதான இருந்தீக?”

அவன் புத்தகத்தை மூடினான். என் தோளைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்து, “எனக்குப் பயமா இருக்குண்ணே. அவ இல்லாம நான் என்ன செய்வேன்?” என்று அழுதான். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம். பிறகு சட்டென்று முகத்தைத் துடைத்தான். “வாங்க, அழகர்கோவிலுக்குப் போவோம்” என்றான்.

“சாமிகிட்டப் போய் என்னடா கேப்ப? அவளுக்குப் பதிலா ஒன்ன எடுத்துக்கச் சொன்னா, அவ இன்னும் வேகமாச் சாகப் பாப்பா.”

“தெரியும்ணே. வாங்க.”

பஸ்ஸில் அவன் உட்காரவில்லை. ஆள் இறங்க ஏற பஸ் நின்ற இடத்திலெல்லாம் கண்டக்டரைத் திட்டினான். கோவிலில் கடைக்காரன் மீதிச் சில்லறை கொடுப்பதற்குள் சூடத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். கதவுக்கு முன்னால் போனதும் நின்றான். கருப்பை ஒரு நாளும் கும்பிடாதவன், சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டான். சூடத்தை நான் பற்றவைத்துக் கொடுத்தேன். சத்தமாகவே சொன்னான், சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

திரும்பி வந்தபோது இன்னும் பொழுது சாயவில்லை. அவள் கண்ணை மூடிக் கிடந்தாள். மூச்சு விட்டு விட்டு வந்தது. அவன் பாயோரம் குந்தி, திருநீற்றை அவள் நெற்றியில் பூசினான்.

“கருப்புகிட்டப் போயிட்டு வாரேன்.”

அவள் கண் திறந்தது.

“மாத்திக் கேட்டீகளா? அது செல்லாது. மொதல்ல கேட்டது நானு.”

“மாத்திக் கேக்கல. நீ கேட்டது அப்படியே இருக்கட்டும். நான் வேற ஒண்ணு சொல்லிட்டு வந்துட்டேன்.”

“என்ன?”

“இவ ஆயுசு எம்புட்டோ எனக்கும் அம்புட்டுத்தான். இவ போற அன்னைக்கே என்னையும் கூட்டிக்கிரு. சூடம் ஏத்திச் சொல்லியாச்சு. கண்ணுச்சாமி அண்ணே சாட்சி.”

தங்கப்பொண்ணு என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் முகத்தில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு உதடு துடித்தது, கண் நிறைந்து வழிந்தது, கையை ஓங்கித் தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டாள். அந்த மூச்சில் அவ்வளவு கோபம் எங்கிருந்து வந்ததோ.

“பாவி மனுசா, என்ன காரியம் பண்ணிட்டு வந்து நிக்குறீக. ஒரு பொம்பள நிம்மதியாச் சாகக்கூட விடமாட்டீகளா?”

அவள் முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. ராமக்காள் முதுகைத் தாங்கினாள்.

“அந்த மாத்திரைய எடுங்க” என்று தங்கப்பொண்ணு வாயைத் திறந்தாள்.